கரமனையில் தட்டிய சத்தம்

சிவகாசிக்காரனுக்குச் சத்தம் புதிதல்ல. இருபது வருடத்துக்கு மேலாக அச்சு இயந்திரங்களுக்கு நடுவில்தான் என் பிழைப்பு. டைரி, காலண்டர், நோட்டு அட்டை என்று ஓயாமல் ஓடும் கூடத்தில் எதிரே நிற்பவனின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். போன தீபாவளிக்குப் பிறகு, இயந்திரத்தை நிறுத்தினாலும் எனக்கு மட்டும் சத்தம் நிற்கவில்லை. இடது காதுக்குள் ஒரு வண்டு குடியேறிவிட்டது. பகலில் சும்மா இருக்கும். ராத்திரி தலையணையில் சாய்ந்ததும் ஆரம்பித்துவிடும்.

வண்டு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சில ராத்திரிகளில் அதற்கு மேலேயும் ஏதேதோ கேட்டது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மாடியில் நாற்காலி இழுபடும். எழுந்து போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. என் பெரியப்பா ஒருவர் கடைசிக் காலத்தில் ஆளில்லாத மூலையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். காது போனால் போகட்டும், இல்லாததைக் கேட்கிற ஆளாகிவிடக் கூடாது என்பதுதான் என் பயம். என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, “திருவனந்தபுரத்துல போய்க் காட்டிட்டு வாங்க” என்றாள். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கலவரப்படுத்தும் நோய் எது வந்தாலும் திருவனந்தபுரம்தான்.

அங்கே கல்லூரித் தோழன் சங்கரன் இருக்கிறான். கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை. கரமனை அக்கிரகாரத்தில் வீடு. விடிகாலையில் ஆட்டோ பிடித்து அங்கே போய் இறங்கினால், தெருவுக்குள் வண்டி நுழையாது என்று ஓட்டுநர் கையை விரித்துவிட்டார். தெரு முழுக்கக் கிழித்துப் போட்டிருந்தார்கள். பழைய இரும்புக் குடிநீர்க் குழாய்களை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் பதிக்கிற வேலை. வீட்டு வாசல்களை ஒட்டியே பள்ளம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் தோண்டுவார்கள், ஆனால் தோண்டிய கையோடு மறந்துவிடுவார்கள். இங்கே, பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலை வருவதற்குள் மூடியாக வேண்டும் என்று கெடு.

பலகைமேல் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயதிருக்கும். பட்டுப்புடவை, கையில் ஒரு நீலப் பை, தோளில் கைப்பை. அந்தத் தெருவே வாசலில் நின்று அவரை வழியனுப்பிக்கொண்டிருந்தது. சங்கரன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கோமதி மாமி. தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார்.

“நீங்கதானே சங்கரனோட சிவகாசி சிநேகிதர்? வாங்கோ, வாங்கோ. நான் புனேக்குப் பொண்ணாத்துக்குப் புறப்பட்டுட்டேன். இந்தப் புழுதியில மனுஷா இருப்பாளா?”

“மாமி, பையைக் கொண்டு ஆட்டோ வரைக்கும் வெக்கட்டுமா?” என்றான், என்னைக் கண்டு வாசலுக்கு வந்த சங்கரன்.

“ஒண்ணும் வேண்டாம். கனமே இல்லையாக்கும்.”

வாசலில் தொங்கிய பெரிய பூட்டை ஒருமுறை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். திரும்பவே இல்லை. விறுவிறுவென்று தெருமுனை தாண்டிப் போய்விட்டார். அவர் வீட்டு வாசல் பலகையை வேலைக்காரர்கள் அப்போதே எடுத்து வேறொரு வீட்டுக்குப் போட்டார்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பலகை எதற்கு?

அன்று முழுக்க ஓய்வு. சங்கரனின் மனைவி விஜயா பள்ளிக்கூட டீச்சர். தேங்காய் அரைத்து அவள் வைத்த மொளகூட்டலைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், ஆனாலும் சிவகாசி நாக்கு காரத்துக்கு ஏங்கியது. குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வந்தது. பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியதாம். அச்சகத்தில் மைத்தட்டு கழுவிய தண்ணீர் இதே நிறத்தில் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். சாயங்காலம் போளியில் பாயசத்தை ஊற்றிச் சாப்பிடக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரையும் குடிக்கலாம் என்று தோன்றியது. வேலை முடியும்வரை குழாயில் தண்ணீர் வராது என்று அறிவித்திருந்ததால், வீட்டில் இருந்த அண்டா, வாளி, குடம் எல்லாம் நிறைந்திருந்தன.

இருட்டிய பிறகு தெருவை எட்டிப் பார்த்தேன். பொங்காலைக்கு இடம் பிடிப்பதற்காகச் சாலை ஓரம் முழுக்கச் செங்கல் வைத்திருந்தார்கள். மும்மூன்று கல்லாக ஓர் அடுப்பு, சாக்கட்டியில் பெயர். யார் கல்லையும் யாரும் எடுப்பதில்லை. பள்ளம் தோண்டுகிறவர்கள்கூட அதே வரிசையில் தூக்கி, அதே வரிசையில் எதிர்ப்பக்கம் வைத்திருந்தார்கள். நெருப்பும் இல்லாமல் பானையும் இல்லாமல் பெயர் மட்டும் எழுதிய அடுப்புகள் தெருக்கோடி வரை போயின. பார்க்கப் பிடிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

நடு ராத்திரியில் கட்டில் அதிர்ந்தது. காங்கிரீட் உடைக்கிற பிரேக்கர் இயந்திரத்தை என் தலைமாட்டுக்கு நேரே தெருவில் போட்டுவிட்டார்கள். பகலில் பேருந்துப் போக்குவரத்து கெட்டுப்போகும் என்று ராத்திரியில்தான் வேலையாம். அந்த வேலைக்கு உத்தரவு கொடுத்தவனின் வம்சத்தையே திட்டினேன். சன்னக்குரலில்தான், விருந்தாளி அல்லவா. கொஞ்ச நேரத்தில் இயந்திரம் நின்றது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். அப்போது, டொக், டொக், டொக்.

சுவரிலிருந்து வந்தது போல இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் இயந்திரம் அலறியது, மறுபடியும் நின்றது. டொக், டொக், டொக். வண்டு போதாதென்று இப்போது தச்சனும் குடிவந்துவிட்டான் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் அடைத்து, காதில் கருவியை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். கதவைச் சாத்தியதும் வந்த அமைதி சாதாரண அமைதி இல்லை. என் தொண்டையில் எச்சில் இறங்குவதுகூடக் கேட்டது. மெல்ல ஒரு விசில் வந்தது, அமுக்கினேன். இன்னும் மெல்ல ஒன்று, அமுக்கினேன். அப்புறம் நிறைய வந்தன. விடாமல் அமுக்கினேன். தேர்வில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்ட மாணவன்போல வெளியே வந்தேன்.

சோதனை எடுத்த பெண் மலையாளத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அண்ணா, கடைசியில் கொஞ்ச நேரம் நான் எந்தச் சத்தமும் கொடுக்கவில்லை. நீங்கள் அமுக்கிக்கொண்டே இருந்தீர்கள்.”

டாக்டர் தன்மையானவர். நரம்பு தேய்ந்திருக்கிறது, வராத சத்தத்தை மூளை தானாக இட்டு நிரப்புகிறது, பைத்தியம் எல்லாம் இல்லை என்றார். “இல்லாத சத்தம் கேட்டால் சட்டை செய்யாதீர்கள். தேடிப் போகாதீர்கள். தேடினால் அது பெரிதாகும்.” நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரியும் இயந்திரம் வந்தது. அது நிற்கும்போதெல்லாம் தட்டலும் வந்தது. சட்டை செய்யக் கூடாது என்று தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, கணக்கு வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். தட்டல் முன்னைவிடச் சோர்ந்திருந்தது. மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. என் மூளைக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று ஒரு சந்தேகம் வந்தது. அதையும் சட்டை செய்யவில்லை.

காலையில் சங்கரனிடம் சொன்னேன். “உங்க பக்கத்து வீட்டுச் சுவர்ல யாரோ தட்டறாங்கப்பா.”

“பக்கத்தாத்துல யாருடா இருக்கா? மாமி போனதை நீயும்தானே பாத்தே? நேத்து டாக்டர் என்ன சொன்னார்?”

“சட்டை செய்யாதேன்னார்.”

“பின்ன? சும்மா கிட.”

பல் துலக்கிவிட்டு வாசலுக்கு வந்தபோது, மாமி வீட்டுக்கு நேரே பள்ளத்தின் விளிம்பில் ஓர் உடைத்த தேங்காய் கிடந்தது. பக்கத்தில் சூடம் எரிந்த கறுப்பு. வேலை தொடங்கும்போது பூஜை போடுவது எங்கும் உள்ளதுதான். ஆனால் வேலை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அன்று மருந்து வாங்கிவர ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பினேன். நகரப் பேருந்துகளில் ஊர்ப் பெயர் மலையாளத்தில் இருந்தது. வட்டவட்டமான எழுத்துகளில் ஏதோ ஒன்றைச் சங்கரன் சொன்ன எழுத்து என்று நம்பி ஏறிவிட்டேன். நடத்துநரிடம் இடத்தின் பெயரைச் சொன்னேன். அவர் ஏதோ சொன்னார். நான் “ஓ” என்றேன். அந்த ஊரில் “ஓ” என்றால் ஆமாம். எதற்கு ஆமாம் சொன்னேன் என்று தெரியாமலே விழிஞ்ஞத்தில் போய் இறங்கினேன்.

ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம். அந்தப் பக்கம் புதுத் துறைமுகத்தின் ராட்சதப் பாரந்தூக்கிகள் வானத்தை அடைத்து நின்றன. இறங்கியது இறங்கிவிட்டோம், சைவச் சாப்பாட்டிலிருந்து விடுதலை என்று ஒரு கடையில் நுழைந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கேட்டேன். குடம்புளி போட்ட சிவப்புக் குழம்பு. கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தால் மட்டுமல்ல. பக்கத்து மேசையில் இரண்டு மீனவர்கள் பேசியது அரையும் குறையுமாகப் புரிந்தது. கடலில் பனிமூட்டத்தில் வழி தவறிய ஒருவன் படகின் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்ததைப் பற்றி ஒருவர் சொன்னார். “நாங்கள் ஏதோ காற்று என்று நினைத்தோம்” என்றார். மீதியைக் கேட்காமல் எழுந்து கை கழுவினேன்.

சாயங்காலம் கரமனைத் தெருமுனையில் சுகுமாரன் என்பவரின் பெட்டிக்கடையில் எலுமிச்சைச் சாறு குடிக்க நின்றேன். அங்கே அதற்குப் பெயர் போஞ்சி. பூ, வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் அவர் கடையில் உண்டு. பழக்குலைக்குக் கீழே ஒரு நீலப் பை இருந்தது.

“இது கோமதி மாமி பை மாதிரி இருக்கே?”

“அவருடையதுதான்” என்றார் சுகுமாரன், மலையாளத்தில். “வைத்துவிட்டுப் போனார். வந்து எடுப்பார். இந்தத் தெருக்காரர்கள் ஊருக்குப் போனால் இப்படி வைப்பதுண்டு.”

இவ்வளவு கனமில்லாத பையையும் மறந்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். வழி தவறிய பேருந்துக் கதையைச் சொல்லிச் சிரித்ததில் பை மறந்துபோயிற்று.

மூன்றாம் ராத்திரி இயந்திரம் வழக்கம்போல எழுப்பியது. நின்றது. தட்டலுக்காகக் காத்திருந்தேன். இப்போது மூன்று இல்லை, ஒன்றுதான். நெடுநேரம் கழித்து இன்னொன்று. அதன் பிறகு இயந்திரமும் திரும்ப ஓடவில்லை. வேலை நடக்கிற தெருவில் பேச்சுக்குரல்கூட இல்லை. அந்த அமைதியில் என்னால் படுத்திருக்க முடியவில்லை. டாக்டராவது மண்ணாங்கட்டியாவது என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

மஞ்சள் விளக்கின் கீழ் ஏழெட்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் பள்ளத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றிப் பெயர் எழுதிய செங்கல் அடுப்புகள். முகங்களைப் பார்த்தபோதே நம் ஊர்ப் பக்கம் என்று தெரிந்தது.

“என்னப்பா ஆச்சு?”

மேஸ்திரி திரும்பினார். முருகேசன், சங்கரன்கோவில் பக்கம். என் தமிழைக் கேட்டதும் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்ததுபோல அருகில் வந்தார். “அண்ணாச்சி, உங்களுக்கும் கேக்குதா?”

“என்னது?”

“கீழ இருந்து தட்டுது. பழைய குழாயை அறுத்த அன்னைக்குப் பிடிச்சுக் கேக்குது. மிஷினை நிறுத்தினாத்தான் வருது. நேத்துச் சூடம் கொளுத்தித் தேங்காயும் உடைச்சாச்சு. அப்படியும் நிக்க மாட்டேங்குது. பயலுவ வேலை செய்ய மாட்டேன்னுட்டானுவ.”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் காது நல்ல காது, என் மூளை நல்ல மூளை! அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான் நின்றது. என் காதுக்குள் இல்லையென்றால் அந்தத் தட்டல் எங்கே இருக்கிறது?

பள்ளத்தில் இறங்கினேன். முருகேசன் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். அறுத்த இரும்புக் குழாயின் வாய் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது காதை அதில் வைத்தேன். ஈரத் துரு வாடை. முதலில் குளிர்காற்றுபோல ஓர் இரைச்சல். பிறகு மிக அருகில், டொக்.

“நீங்க தட்டுங்க” என்றேன்.

“நானா?”

“ஸ்பானரால ரெண்டு தட்டு தட்டுங்க.”

முருகேசன் கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பவர்போல உதட்டை அசைத்துக்கொண்டே இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து, டொக், டொக். இரண்டு.

மேலே நின்றவர்களில் இரண்டு பேர் ஓட்டம் பிடித்தார்கள். எனக்கும் கால் ஓடத்தான் பார்த்தது, பள்ளத்தில் நின்றதால் முடியவில்லை. “இந்தக் குழாய் எங்கே போகுது?” என்று கேட்டேன். முருகேசன் விரலை நீட்டினார். பலகை இல்லாத வாசல், பெரிய பூட்டு.

அதற்குள் சங்கரனும் விஜயாவும் வெளியே வந்துவிட்டார்கள். “ஆள் இல்லாத வீடுடா” என்று சங்கரன் அப்போதும் சொன்னான். “நான்தானே வழியனுப்பிச்சேன். பூட்டைப் பாரு!”

“பையை மட்டும் கடையில மறந்துட்டுப் போயிருக்காங்க” என்றேன், ஏதோ சொல்ல வேண்டுமே என்று.

விஜயா திரும்பினாள். “எந்தப் பை?”

“நீலப் பை. சுகுமாரன் கடையில இருக்கு. வந்து எடுப்பாங்கன்னாரு.”

அவள் பூட்டைப் பார்த்தாள். “அய்யோ, பரஸ்தானம்!”

எனக்குப் புரியவில்லை. சங்கரனுக்குப் புரிந்துவிட்டது, தலையில் கை வைத்துக்கொண்டான். ரயில் கிளம்புகிற நேரம் நல்ல நேரமாக இல்லாவிட்டால், முன்னாலேயே ஒரு நல்ல நேரம் பார்த்து, பயணம் புறப்படுவதுபோலவே புறப்பட்டு, பையைக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் வைத்துவிடுவார்களாம். அந்த நேரத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் திரும்பி வீட்டுக்கு வந்து, ரயில் நேரத்துக்குப் போனால் போதும்.

“என்கிட்ட போறேன்னுதானே சொன்னா?” என்றான் சங்கரன்.

“அப்படித்தான் சொல்லுவா. திரும்பி வரப்போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினா அது பரஸ்தானமா? ஆத்தங்கரைச் சந்து வழியா பின்வாசல்ல வந்திருப்பா. ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாதுன்னு உள்ளேயே இருந்திருப்பா. மறுநாள் ரயில்னா...” விஜயா பின்வாசல் பக்கம் ஓடினாள்.

பின்வாசல் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. முருகேசனின் ஆள் ஒருவர் குழாய் அறுக்கும் இயந்திரத்தை எடுத்துவந்து முன்பூட்டில் வைத்தார். தீப்பொறி பறந்தது. அந்தக் கிறீச்சிடும் சத்தத்தில் தெருவிலிருந்த அத்தனை விளக்கும் எரிந்தன.

ரயில் பெட்டிபோல நீண்ட வீடு. ஓர் அறைக்குப் பின் ஓர் அறை. கூடத்தில் சார்ஜில் போட்ட கைபேசி மினுக் மினுக்கென்றது. மேசையில் பயணத்துக்குக் கட்டிய புளியோதரைப் பொட்டலம், அதன் வாடை. “மாமி! மாமி!” என்று விஜயா கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். பதில் இல்லை. கடைக்கோடியிலிருந்து டொக் என்று மட்டும் வந்தது.

மாமி குளியலறைத் தரையில் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடிந்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பிடித்து வைத்த வாளி, அடிமட்டத்தில் கொஞ்சம் தண்ணீர். கையில் ஒரு பித்தளைச் செம்பு. நாங்கள் வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டு வாசலில் நிற்கிறோம், அவர் எங்களைப் பார்க்கவும் செய்கிறார், ஆனாலும் செம்பைத் தூக்கிக் குழாயில் தட்டினார். விஜயா உட்கார்ந்து செம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நான் பார்த்த பயங்கரங்களில் அதுதான் பெரியது. பேய் இருந்திருந்தால்கூட அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. சூடம் கொளுத்திய அதே ஆட்கள் ஒரு பலகையில் போர்வையை விரித்து, மாமியைப் படுக்கவைத்து, பள்ளத்தைத் தாண்டித் தோளில் தூக்கிப்போனார்கள். ஓடிப்போன இருவரும் திரும்பி வந்து முன்னால் விளக்குப் பிடித்தார்கள். “மெதுவா, மெதுவால” என்று முருகேசன் அழுதுகொண்டே அதட்டினார். இருபுறமும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். முதல் நாள் காலை வழியனுப்பிய அதே முகங்கள்.

இடுப்பெலும்பு முறிவு. அறுவை செய்து, பிழைத்துவிடுவார் என்று டாக்டர்கள் சொல்லும்வரை நான் ஊருக்குக் கிளம்பவில்லை. புனே மகள், அம்மா ரயிலில் இருக்கிறாள், ரயில் சத்தத்தில் கைபேசி கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள், விமானம் பிடித்து வந்துவிட்டாள். புறப்படும் நாளில் சங்கரனும் விஜயாவும் நானும் போய்ப் பார்த்தோம்.

மாமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் இன்னும் கம்மல். பரஸ்தானம் வைத்த அன்று ராத்திரியே வழுக்கி விழுந்தாராம். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதாம்.

“அந்த மெஷின் நின்னா வெளியில மனுஷா இருக்கான்னு தெரியும். அதான் அப்பப் பாத்துத் தட்டினேன்” என்றார்.

நான் வம்சம் வரைக்கும் திட்டிய இயந்திரத்துக்காக அந்த அம்மாள் இருட்டில் காத்துக்கிடந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, “எங்களுக்குக் கேக்கணும்னு விடாமத் தட்டினீங்களே மாமி, அதான் உங்களக் காப்பாத்திச்சு” என்றேன்.

மாமி என்னை உற்றுப் பார்த்தார்.

“முதல் நாள் உங்களுக்காகத்தான் தட்டினேன். பகல்ல நீங்கள்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பேசறது கேக்கும், நான் தட்டறதுதான் அந்த இரைச்சல்ல உங்களுக்குக் கேக்கலை, கேட்டேளா? அந்த ஆத்துல ஆள் இல்லை, ஆள் இல்லைன்னு இந்தச் சங்கரன் எத்தனை பேர்கிட்டச் சொன்னான்! முதல்ல கோபம் வந்தது. அப்புறம் கண்ணை மூடினா நான் ரயில்ல போயிண்டிருக்கேன். ஜன்னல் காத்துகூட மூஞ்சியில படறது. அப்போ இங்க கிடக்கறது யாருன்னு ஒரு சந்தேகம் வந்துடுத்து. பயந்துட்டேன். தட்டினா கை வலிக்கும், அப்போ நான் இங்கதான் இருக்கேன்னு தெரியும். கடைசியில உங்களுக்காகத் தட்டலை. எனக்காகத் தட்டினேன்.”

சங்கரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விஜயா ஃபிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றி நீட்டினாள். மாமி இரண்டு கைகளாலும் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, சூடு போதாது என்றார்.